மீன் இல்லாத சட்டியில் ஒமேகா 3: யாழ்ப்பாணத்துச் சைவச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி என்று ஆண்டு முழுவதும் விரத நாட்கள் வருகின்றன. பிறந்ததிலிருந்தே மீன் தொடாத குடும்பங்களும் இருக்கின்றன. இந்த வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி: மீனில் இருக்கும் ஒமேகா 3 நமக்கு எங்கிருந்து வரும்? "நல்லெண்ணெய் இருக்கிறதே" என்று பலர் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் தவறு. நல்லெண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் ஒமேகா 3 அதில் இல்லை என்றே சொல்லலாம். அது எதில் இருக்கிறது, எவ்வளவு வேண்டும், எப்படிப் பக்குவப்படுத்தினால் உடம்பில் சேரும், எங்கே பிழைக்கும் என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில்: எதை, எவ்வளவு தேடுகிறோம்

கொழுப்பமிலம் என்பது நீண்ட கரிமச் சங்கிலி. அதன் வால்முனையிலிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கரிமத்தில் வந்தால் ஒமேகா 3, ஆறாவதில் வந்தால் ஒமேகா 6, ஒன்பதாவதில் வந்தால் ஒமேகா 9. இவற்றில் ஒமேகா 9ஐ உடம்பு தானே செய்துகொள்ளும். ஒமேகா 6இல் லினோலெயிக் அமிலத்தையும், ஒமேகா 3இல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தையும் உடம்பால் செய்ய முடியாது. அவை சாப்பாட்டில் வந்தே ஆகவேண்டும். கொழுப்பே இல்லாத உணவில் வளர்த்த எலிகளுக்குத் தோல் செதிலாகி வளர்ச்சி நின்றுபோனதை 1929இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எழுதினார்கள். சில கொழுப்புகள் இன்றியமையாதவை என்ற அறிவு அங்கிருந்துதான் தொடங்கியது.

ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை இனி ஏஎல்ஏ என்று சுருக்கிச் சொல்வோம். தாவரங்களில் இருக்கும் ஒமேகா 3 இதுதான். மீனில் இருப்பவை ஈபிஏ, டிஎச்ஏ என்ற நீளமான இரண்டு. ஏஎல்ஏயை எடுத்து உடம்பு அவற்றைச் செய்துகொள்ளும், ஆனால் மிகக் குறைவாகவே. ஈபிஏ ஆவது பொதுவாக நூற்றுக்குப் பத்துக்கும் கீழ். டிஎச்ஏ ஆவது அதிலும் சொற்பம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஈஸ்ட்ரோஜன் காரணமாக இந்த மாற்றம் ஆண்களைவிடக் கூடுதலாக நடக்கும். இந்த வரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நுண்பாசி எண்ணெயைப் பற்றிப் பேசும்போது இது திரும்பி வரும்.

ஒரு நாளைக்கு வேண்டிய ஏஎல்ஏ: வளர்ந்த ஆணுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம், கர்ப்பிணிக்கு 1.4 கிராம், பாலூட்டும் தாய்க்கு 1.3 கிராம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 0.7 கிராம், நான்கு முதல் எட்டு வயது வரை 0.9 கிராம். சின்ன அளவுகள்தான். ஆனால் அரிசிச் சோறு, தேங்காய்ப்பால், பருப்பு, இரண்டு மரக்கறி என்று மட்டும் போகும் நாளில் இந்தச் சின்ன அளவுகூட நிறைவது கடினம்.

உங்கள் சமையலறையில் ஏற்கனவே என்ன இருக்கிறது

ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஏஎல்ஏ 0.04 கிராம் மட்டுமே. லினோலெயிக் அமிலம் ஐந்து கிராமுக்கு மேல். தேங்காயெண்ணெயில் ஏஎல்ஏ இல்லை. தேங்காய்ப்பாலிலும் சம்பலிலும் இல்லை. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு ஒமேகா 6. கச்சானிலும் எள்ளிலும் ஏஎல்ஏ பொருட்படுத்தும் அளவில் இல்லை. எள்ளுருண்டைக்கு வேறு சிறப்புகள் உண்டு, இந்தக் கணக்கில் மட்டும் அது சேராது.

இதை வைத்து நல்லெண்ணெயைத் தள்ளிவைக்க வேண்டாம். ஒமேகா 6ம் உடம்புக்கு வேண்டியதே. ஒமேகா 6ம் ஒமேகா 3ம் உடம்பில் ஒரே நொதிக்காகப் போட்டி போடுகின்றன. சூரியகாந்தி எண்ணெயிலேயே பொரித்து, தாளித்து, மாவும் குழைக்கும் வீட்டில் ஏஎல்ஏ குறைவாக இருந்தால், கிடைக்கும் கொஞ்சமும் ஈபிஏயாக மாறுவது இன்னும் குறையும். செய்யவேண்டியது ஒன்றுதான்: ஏஎல்ஏ தரும் பொருளை நாளாந்தம் ஏதாவது ஒரு வேளையில் சேர்ப்பது. எண்ணெயை மாற்றுவதைவிட இது எளிது.

ஏஎல்ஏ உள்ளவை, அளவோடு:

ஆளி விதைத் தூள், 1 மேசைக்கரண்டி (7 கிராம்): 1.6 கிராம்
சியா விதை, 1 மேசைக்கரண்டி (12 கிராம்): சுமார் 2 கிராம்
கசகசா (ஃபலூடாவில் போடும் கறுப்பு விதை), 1 மேசைக்கரண்டி (13 கிராம்): சுமார் 1.2 கிராம்
வால்நட், 28 கிராம் (ஒரு சின்னக் கைபிடி): 2.5 கிராம்
அவித்த முழு சோயா அவரை, 100 கிராம்: 0.6 கிராம்
சோயா எண்ணெய், 1 மேசைக்கரண்டி: 0.9 கிராம்
கனோலா எண்ணெய், 1 மேசைக்கரண்டி: 1.3 கிராம்
உழுந்து, காய்ந்தது 100 கிராம்: 0.6 முதல் 1 கிராம் வரை
கௌபி, காய்ந்தது 100 கிராம்: 0.2 கிராம்

கடையில் "சோயா மீற்" என்று விற்பது இந்தப் பட்டியலில் இல்லை. அது எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. புரதம் நிறைய இருக்கும், ஒமேகா மட்டும் எண்ணெயோடு போய்விட்டது. சோயாவிலிருந்து ஏஎல்ஏ வேண்டுமென்றால் முழு அவரையை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, குக்கரில் நன்றாக அவித்து, கடலை தாளிப்பதுபோலத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளியுங்கள். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சோயாவைச் சாப்பிடக் கூடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, நல்ல வேக்காட்டில்தான் அது அழியும்.

ஆளி விதை: வாங்குவது முதல் வாயில் போடுவது வரை

நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும் என்பதாலும், பெட்டிக்கடை தவிர்ந்த எந்தக் கடையிலும் இப்போது கிடைப்பதாலும் இதிலிருந்தே தொடங்குவது நல்லது. மண்ணிற விதையா பொன்னிற விதையா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

வாங்கும்போது 200 கிராமுக்கு மேற்பட்ட பொதியாக வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஐந்தாறு விதையை வாயில் போட்டு மெல்லுங்கள். கொட்டைச் சுவை வரவேண்டும். கசப்போ, பெயின்ற் வாடையோ வந்தால் கடையிலேயே அது பழுதாகிவிட்டது. திருப்பிக் கொடுங்கள்.

கல், தூசு பொறுக்குங்கள். கழுவ வேண்டாம். ஆளி விதையின் மேல்தோலில் பசைநார் இருக்கிறது. தண்ணீர் பட்ட மறுகணம் வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டும், பிறகு வெயிலில் காயவைத்தாலும் கட்டியாகத்தான் காயும்.

அடி கனத்த தாச்சியைச் சிறு நெருப்பில் வைத்து, எண்ணெய் விடாமல் 200 கிராமை நான்கைந்து நிமிடம் கிளறி வறுங்கள். விதை வெடிக்கும் சத்தம் தொடங்கி அடங்கும்போது இறக்கிவிடுங்கள். வறுப்பதால் இரண்டு பயன். விதை மொறுமொறுப்பாகி இலகுவாக அரைபடும். பச்சை ஆளி விதையில் இயல்பாகவே சயனைட்டு வெளிவிடும் பொருட்கள் கொஞ்சம் உண்டு, சூட்டில் அவை ஓரளவு குறையும். "வறுத்தால் ஒமேகா 3 போய்விடாதா?" என்று பயப்படத் தேவையில்லை. முழு விதைக்குள் எண்ணெய் பத்திரமாக இருக்கிறது, இந்தச் சூடு அதைப் பெரிதாகத் தொடாது. புகை வந்து நிறம் கறுத்தால் அந்தத் தாச்சி வீண், கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

தட்டில் பரப்பி முற்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் கசிந்து பசையாகும், மூடியில் வியர்த்து இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

அரைக்கும்போது கிறைண்டரை ஒரேயடியாக ஓடவிடாதீர்கள். ஐந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, குலுக்கி, மறுபடி ஐந்து விநாடி. நான்கு சுற்றில் மா போல வரும். இந்தப் படியைத் தவிர்த்து முழு விதையை அப்படியே விழுங்குகிறவர்கள் உண்டு. முழு விதையின் தோலைக் குடல் உடைக்காது. விதை போனபடியே வெளியே வரும், ஏஎல்ஏ கணக்கில் ஒன்றும் ஏறாது.

அரைத்ததை ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி பிறிட்ஜில் வையுங்கள். பாதிப் போத்தல் காற்று என்றால் பழுதாகும் வேகமும் கூடும். யாழ்ப்பாணத்து வெக்கையில் வெளியே வைத்த தூள் சீக்கிரமே கசக்கத் தொடங்கும். ஆகையால் பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். ஒருவருக்கு 70 கிராம், நால்வருக்கு 280 கிராம். மீதி விதையை முழுதாகவே வையுங்கள், அது மாதக்கணக்கில் நிற்கும்.

முதல் வாரம் நாளுக்கு ஒரு தேக்கரண்டி. வயிறு பழகிய பிறகு ஒரு மேசைக்கரண்டி. கூடவே ஒரு தம்ளர் தண்ணீர் கட்டாயம். இந்த நார் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதிலாக மலம் இறுகும். நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகவேண்டாம்.

எதில் போடுவது என்பதில்தான் பலர் சலித்துக் கைவிடுகிறார்கள். பிட்டுக்கு, மாவில் சுடுதண்ணீர் விடுவதற்கு முன் ஆளித்தூளைப் போட்டால் பசை பிடித்து மா உருண்டை உருண்டையாகத் திரளும். மா குழைத்து, கொத்தி உதிர்த்த பிறகு, தேங்காய்ப்பூச் சேர்க்கும்போது 250 கிராம் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி தூவிப் பிரட்டி அவியுங்கள். உதிர்ந்தபடியே வரும், சுவையும் குரக்கன் பிட்டோடு நன்றாக ஒத்துப்போகும். ரொட்டிக்கு மாவோடு சேர்த்தே குழைக்கலாம், அங்கே பசை நமக்கு உதவி. இடியப்பத்துக்கு வேண்டாம், உமித்துகள் உரலின் கண்களை அடைத்துவிடும். சொதியிலும் வேண்டாம், வழவழப்பாகிச் சொதியின் இலகு போய்விடும். தேங்காய்ச் சம்பலில் அரைத் தேங்காய்க்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு இடித்தால் இருப்பதே தெரியாது.

தோசைக்கும் இட்லிக்கும் ஒரு பொடி: வறுத்த ஆளி விதை 100 கிராம், சிவக்க வறுத்த உழுந்து 50 கிராம், செத்தல் மிளகாய் 8, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைபிடி, பெருங்காயம் கொஞ்சம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து ஆறவிடுங்கள். கறிவேப்பிலை கையில் நொருங்கும்வரை காயவேண்டும், ஈரம் நின்றால் முழுப் போத்தலும் பழுதாகும். உழுந்தையும் மிளகாயையும் முதலில் அரைத்து, ஆளி விதையைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று மட்டும் ஓட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஏஎல்ஏ ஏறத்தாழ 1 கிராம். நல்லெண்ணெயில் குழைத்து மூன்று தோசையோடு சாப்பிட்டால் ஒரு பெண்ணின் நாளாந்தத் தேவை கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

ஆளி எண்ணெய் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கிரிக்கெட் மட்டைக்குப் பூசவும் மரவேலைக்கும் ஹாட்வெயார் கடையில் விற்கும் லின்சீட் ஒயிலும் இதே ஆளி விதையில் இருந்து வருவதுதான். காற்றுப்பட்டால் இறுகிப் படலமாகும் தன்மைக்காக அதை அங்கே விற்கிறார்கள். "பொயில்ட்" என்று எழுதியதில் சீக்கிரம் காய்வதற்கு உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும். அது ஒரு சொட்டும் வாய்க்கு ஆகாது. உண்ணும் ஆளி எண்ணெய் வேறு: குளிர்முறையில் பிழிந்து, கறுத்த போத்தலில், பிறிட்ஜில் வைத்து விற்கப்படுவது. ஒரு தேக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல் ஏஎல்ஏ. அதைத் தாளிக்கப் பயன்படுத்தாதீர்கள். 107 பாகை செல்சியஸ் அளவிலேயே புகையும் எண்ணெய் அது. இறக்கிவைத்த பருப்புக்கறியின் மேலோ, பச்சடியிலோ விடுங்கள். திறந்தபின் ஆறு வாரத்துக்குள் முடியுங்கள்.

கசகசா: ஃபலூடாவில் மிதக்கும் கறுப்பு விதை

இங்கே பெயர்க் குழப்பம் பெரியது. யாழ்ப்பாணத்தில் கசகசா என்றால் ஃபலூடாவிலும் சர்பத்திலும் கண்ணாடிக் கூடு கட்டி மிதக்கும் கறுப்பு விதை. அது திருநீற்றுப்பச்சை இனத்தின் விதை. தமிழ்நாட்டில் கசகசா என்பது குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதை, அபினிச் செடியினுடையது. இணையத்தில் தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பைப் பார்த்து இரண்டையும் ஒன்றென நினைக்காதீர்கள். வெள்ளையில் ஏஎல்ஏ மிகச் சொற்பம். நம்முடைய கறுப்பு விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் ஏஎல்ஏ. எவ்வளவோ காலமாக ஐஸ்கிறீம் கடைக்குள் மட்டும் இருந்துவரும் இந்த விதைக்கு வீட்டுச் சமையலறையில் இன்னும் நல்ல இடம் கொடுக்கலாம்.

ஊறிய கசகசாவை நாம் மெல்லுவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஆளி விதையைப் போலவே முழுதாக இறங்கியதில் பயன் குறைவு. ஆகவே காய்ந்த விதையைக் கிறைண்டரில் ஒரே ஒரு சுற்று, மூன்று விநாடி ஓட்டுங்கள். மாவாக வேண்டாம், உடைந்தால் போதும். உடைத்த ஒரு மேசைக்கரண்டியை ஒன்றரைக் கோப்பை தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, மோரிலோ நன்னாரிச் சர்பத்திலோ கலந்து குடியுங்கள். முழு விதையின் அழகு வேண்டுமென்றால் பாதியை உடைத்து, பாதியை முழுதாக விடலாம்.

சியா விதைக்கும் இதே முறைதான். இரண்டுக்கும் ஒரே விதி: காய்ந்தபடி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள். சியா தன் எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தண்ணீர் இழுக்கும். அது உணவுக்குழாயில் நடந்தால் அடைப்பு ஏற்படும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்த விதைகளைக் கொடுக்கவே வேண்டாம், கஞ்சியில் கலந்த ஆளித்தூள் போதும். விலையைப் பார்த்தால், கசகசா கிடைக்கும் ஊரில் சியாவுக்குக் கூடுதல் காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை என்பது எங்கள் கருத்து.

உழுந்தும் கீரையும்

உழுந்தில் கொழுப்பே நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பெரும்பங்கு ஏஎல்ஏ. மற்றப் பருப்புகள் பலவற்றில் ஒமேகா 6 மேலோங்கி இருக்கும், உழுந்தில் அது தலைகீழ். பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்கு உழுத்தங்களி கொடுக்கும் வழக்கம் உள்ள ஊரில் இதைச் சொல்வதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

களிக்கு: வறுத்து அரைத்த உழுத்தம்மா 100 கிராம், வறுத்த அரிசிமா 50 கிராம், பனங்கட்டி 150 கிராம், இரண்டாம் தேங்காய்ப்பால் மூன்று கோப்பை, நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. பனங்கட்டியைப் பாலில் கரைத்து வடித்து, ஆறிய பாலிலேயே மாவைக் கரைத்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் பாலில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், எவ்வளவு கிண்டினாலும் கரையாது. நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டி, தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்குங்கள். இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.3 முதல் 0.5 கிராம் ஏஎல்ஏ. முழுத் தேவையும் இதில் நிறையாது. ஆனால் தோசை, இட்லி, வடை, களி என்று உழுந்து வாரத்தில் நாலைந்து நாள் வரும் வீட்டில், குழந்தைகளின் தேவையில் குறிப்பிடத்தக்க பங்கு இதிலேயே வந்துவிடும். தோல் இருந்தாலும் நீக்கினாலும் ஏஎல்ஏ கணக்கு பெரிதாக மாறாது.

கீரைகளில் மொத்தக் கொழுப்பே மிகக் குறைவு. இருப்பதில் பாதியளவு ஏஎல்ஏ, ஏனெனில் இலையின் பச்சையத்தைத் தாங்கும் மென்படலங்கள் அதனால் ஆனவை. முருங்கையிலை வறை, முருங்கையிலை போட்ட சொதி, பொன்னாங்காணி எல்லாம் ஒவ்வொரு கைபிடியாகச் சேரும். தரையோடு படரும் பருப்புக்கீரை இதில் முன்னால் நிற்கிறது: 100 கிராம் பச்சை இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை. சிவந்த தண்டு, தடித்த சின்ன இலை, மஞ்சள் பூ. தோட்டத்து வரம்பில் களையாகப் பிடுங்கி எறிவது இதைத்தான்.

பறிக்கும்போது மூன்று கவனம். தண்டை முறித்துப் பாருங்கள், பால் வந்தால் அது வேறு செடி, தொடவேண்டாம். பூ இளஞ்சிவப்பாக இருந்தால் அது சாரணையாக இருக்கலாம். வெங்காயம், மிளகாய், புகையிலைப் பாத்திகளுக்குள் முளைத்ததைப் பறிக்காதீர்கள். அங்கே அடித்த மருந்து இந்தத் தடித்த இலையிலும் படிந்திருக்கும். வீட்டு முற்றத்தில் ஒரு தண்டை ஊன்றிவிட்டால் தானே படரும். ஒட்சலேற்று அதிகம் என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவேண்டும். மற்றவர்கள் ஒரு கொதி விட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு, தயிர்ப் பச்சடியாகவோ பருப்போடு கடைந்தோ சாப்பிடலாம்.

ஏஎல்ஏ எட்டாத இடம்: டிஎச்ஏ

மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டிஎச்ஏ, மேலே சொன்ன எந்த விதையிலும் எந்தக் கீரையிலும் இல்லை. மீனும் அதைத் தானாகச் செய்வதில்லை, கடலின் நுண்பாசிகள் செய்கின்றன. அதைச் சிறு உயிர்கள் தின்ன, அவற்றை மீன் தின்கிறது. அந்த நுண்பாசியைத் தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுத்து விற்கிறார்கள். குழந்தைப் பால்மாக்கள் பலவற்றில் சேர்க்கப்படும் டிஎச்ஏ இப்படி வந்ததே.

25 நாள் விரதத்துக்கு இது தேவையில்லை. மற்ற நாட்களில் வாரம் இருமுறை சாளை, சூடை, கும்பளா என்று சாப்பிடுகிறவருக்கு அந்த இடைவெளி ஒன்றும் செய்யாது. வாழ்நாள் சைவர்களில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்தான் இதை முதலில் யோசிக்கவேண்டியவர்கள். அவர்களுக்கு அடுத்து முதியவர்கள். வளர்ந்தவர்களுக்கு ஈபிஏயும் டிஎச்ஏயும் சேர்த்து நாளுக்கு 250 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதற்கு மேல் 100 முதல் 200 மில்லிகிராம் டிஎச்ஏ. மகப்பேற்றுக் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

பாமசியில் வாங்கும்போது முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் "1000 மில்லிகிராம்" என்பதை நம்பவேண்டாம், அது எண்ணெயின் மொத்த எடை. பின்பக்கத்தில் ஈபிஏ, டிஎச்ஏ தனித்தனியே எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். குளிசையின் கூடு ஜெலட்டினா என்றும் பாருங்கள், ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ மீனிலிருந்தோ வருவது. "ஒமேகா 3-6-9" என்று விற்பது காசு விரயம்: ஆறும் ஒன்பதும் உங்கள் எண்ணெய்ப் போத்தலிலேயே போதுமானது இருக்கிறது.

ஸ்பைருலினாவும் பாசிதானே என்று வாங்குகிறவர்கள் உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் ஒமேகா 6 வகை, டிஎச்ஏ இல்லை என்றே சொல்லலாம். பலகாரத்துக்குக் காய்ச்சும் கடற்பாசியில் கொழுப்பே கிடையாது.

யார் வைத்தியரைக் கேட்கவேண்டும்

வோர்பரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆளி விதையையோ பாசி எண்ணெயையோ நாளாந்தம் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். வோர்பரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சத்திரசிகிச்சை நாள் குறித்திருந்தால் அங்கும் சொல்லவேண்டும். ஆளி, கசகசா, சியா மூன்றின் பசையும் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தாமதிக்கும், ஆகவே மருந்துக்கும் இவற்றுக்கும் இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களில் சீனியளவு கொஞ்சம் இறங்கலாம், முதல் இரண்டு வாரம் கவனித்துப் பாருங்கள். குடல் ஒடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த விதைகள் ஆகாது. ஆளி விதையில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருட்கள் இருப்பதால் கர்ப்பிணிகள் அதை அதிகம் எடுக்கவேண்டாம். உழுந்து, வால்நட் வழியே தேவையை நிறைக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வறுக்காத ஆளி விதை கொடுக்காதீர்கள்.

இரத்த அழுத்தத்துக்கோ கொலஸ்ரோலுக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையை இவற்றை நம்பி நிறுத்துவது ஆபத்து. இவை சாப்பாடு. சாப்பாடு செய்யும் வேலையைத்தான் செய்யும்.

கொடியேற்றத்துக்கு முந்திய வாரம்

நால்வர் உள்ள வீட்டுக்கு 25 நாள் கணக்கு இது. ஆளி விதை 400 கிராம், இரண்டு பொதியாக. கசகசா 200 கிராம். முழு சோயா அவரை அரைக் கிலோ. உழுந்து வழக்கம்போல. கொடியேற்றத்துக்கு முதல்நாள் 200 கிராம் ஆளியை வறுத்து, பாதியைத் தூளாகவும் பாதியைத் தோசைப் பொடியாகவும் அரையுங்கள். மற்றப் பொதியைத் திறக்காமல் வையுங்கள். காலையில் பிட்டோ தோசையோ வரும் நாளில் ஆளி. கோயிலால் களைத்து வரும் மத்தியானத்தில் மோரும் உடைத்த கசகசாவும். அந்த நாளில் ஆளி வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் நார் கூடி வயிறு உப்பும். செவ்வாயும் சனியும் சோயா. வெள்ளியில் முருங்கையிலை வறை. ஒரு நேரம் மட்டும் சாப்பிடும் விரதக்காரருக்கு அந்த ஒரு நேரத்துச் சோற்றோடு ஒரு மேசைக்கரண்டிப் பொடியும் இரண்டு தம்ளர் தண்ணீரும்.

பத்தாம் நாள் போத்தலைத் திறந்து மணந்து பாருங்கள். மின்வெட்டில் பிறிட்ஜ் நீண்ட நேரம் நின்றிருந்தால் அதற்கு முன்பே பாருங்கள். கொட்டை வாசம் போய்ப் பெயின்ற் வாடை வந்திருந்தால், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட்டு, போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, இரண்டாவது பொதியை வறுக்கத் தொடங்குங்கள். பழைய தூளின் மிச்சத்தைப் புதியதோடு கலக்கவேண்டாம்.